மாதம் பிறந்தால் குடிக்கூலி

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரை “மாப்பிள்ளை” என்று உரிமையோடு அழைத்து வரவேற்கிறார்கள். பத்மினி நாச்சியார் தங்கள் குலத்துப் பெண் என்பது அவர்களுடைய பாத்தியதை. அந்த வைபவத்தைக் கண்டு மகிழாதவர் இப்பிரதேசத்தில் அரியர். சமீபத்தில் அதே சேரியைச் சேர்ந்த வாலிபர் ஒருவர், விவாகமாகி ஒரு குழந்தையும் உடையவர், குடியிருக்க ஒரு ஜாகை தேடி நான்கு மாதம் அலைந்த கதையை நம்மிடம் சொன்னார். பெருமாளுக்குப் பெண் கொடுத்த குலத்துக்கு இரண்டு அறையுள்ள ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்கவில்லை.

அவர் போன முதல் வீட்டில் தொழில் என்னவென்று விசாரித்தார்களாம். கடலுக்குப் போகிறவன் என்று சொன்ன மாத்திரத்தில், வீடு முந்தின தினமே பேசி முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. மறு வாரமும் அந்த வாசலில் “வீடு வாடகைக்கு” என்ற பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது வீட்டில் ஒளிவு மறைவின்றி மீன் வாடையைக் காரணமாகச் சொன்னார்கள். “தம்பி, அதற்கு நீர் என்ன சொன்னீர்?” என்று கேட்டோம். “என்ன சொல்வது, ஐயா! அந்த வீட்டுக்கு மத்தியானக் குழம்புக்கு மீன் கொடுப்பதே எங்கள் அம்மாதான்” என்றார். மூன்றாவது வீடு கிடைத்தது; ஆனால் முன்பணத்துக்கு மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

மீனவருக்குக் கரையில் சொந்தக் குடிசை இல்லையா, அவர் ஏன் குடிக்கூலிக்கு வீடு தேட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்தபோது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் கரையைச் சேர்ந்தவர்கள். அதன்பின் சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் சேர்ந்து கரையோரக் குடும்பங்களுக்கு நிரந்தர வீடுகள் கட்டிக் கொடுத்தன. அந்தக் கைங்கரியத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் வீடு கொடுத்தது அன்றிருந்த குடும்பக் கணக்குக்கு. அன்று பத்து வயதாயிருந்த சிறுவனுக்கு இன்று முப்பதுக்கு மேல் வயது. அவனுக்கும் மனைவி மக்கள் உண்டு. ஒரு வீடு, மூன்று அடுப்பு. கணக்கு இவ்வளவுதான்.

பக்கத்தில் மனை வாங்கிக் கட்டலாமே எனில், அங்கேயும் முட்டுக்கட்டை இருக்கிறது. 1991-ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர்ந்த வெள்ளக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதிய கட்டடமே கூடாது என்றது. 2011-ஆம் வருஷத்து அறிவிக்கைதான் பரம்பரைக் கடற்கரைவாசிகளுக்கு 100 மீட்டருக்கு அப்பால் வீடு கட்டிக்கொள்ள வழி செய்தது. கடலோ தன் பங்குக்குக் கரையை அரித்துக்கொண்டு வருகிறது. கோடும் கூடவே நகருகிறது. இப்படிக் கிழக்கே கடலும் சட்டமும் நெருக்க, மேற்கே மனையின் விலை நெருக்குகிறது. திருமலைராயன் அவையில் தன்னை அவமதித்தமைக்காகக் காளமேகப் புலவன் இவ்வூரில் மண்மாரி பொழியச் சபித்தான் என்பது கர்ண பரம்பரை. அன்று சாபமாக விழுந்த மண்ணை இன்று அடிக்கணக்கில் அளந்து விற்கிறார்கள். புலவன் இருந்திருந்தால் தரகு கேட்டிருப்பான்!

விலை ஏறியதற்குக் காரணம் ரகசியமன்று. காரைக்கால் மாவட்டம் முழுவதும் சுமார் 160 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கிலேயே இங்கே 2 லட்சம் பேர் இருந்தார்கள். இந்தச் சிறு நிலத்துக்கு, எண்ணெய் இயற்கைவாயுக் கழகத்தின் உத்தியோகஸ்தர்கள் முதலில் வந்தார்கள். 2009-இல் வாஞ்சூரில் தனியார் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2010-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமும், 2016-இல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளையும் வந்தன. இவை வந்தது குறித்து மகிழ்ச்சியடைபவர்களில் நாமும் ஒருவர். ஆயினும் வருகிற ஆசிரியருக்கும் டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் மாதச் சம்பளத்தோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் அந்தப் படியைப் பார்த்துத்தான் வாடகையைச் சொல்லுகிறார். அவர் சொல்லும் தொகையே தெருவுக்கெல்லாம் விகிதமாகிவிடுகிறது. படியில்லாதவனும் அதையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் கடற்றொழிலாளியின் கஷ்டம் மற்றவர் கஷ்டத்தினின்று வேறுபடுகிறது. அவனுக்கு மாதச் சம்பளம் இல்லை. விசைப்படகில் போகிறவனுக்குக் கிடைப்பது பங்கு. பிடித்த மீன் விற்ற பணத்தில் டீசலுக்கும் ஐஸுக்கும் ரேஷனுக்கும் போக, படகுக்காரர் பாகம் போக, மிஞ்சுவதை ஆட்கள் பகிர்ந்துகொள்ளுகிறார்கள். மீன் பட்டால் கை நிறையும். படாவிட்டால் கையில் ஒன்றுமில்லை. இதற்கு மேல், மீன் இனம் பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கீழைக் கரையில் விசைப்படகுகள் கடலில் இறங்கக் கூடாது. 2017-க்கு முன் இத்தடை 45 நாள்தான். தடை அவசியம் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. கடலின் செல்வத்தைக் காக்கவே அது ஏற்பட்டது. தடைக்கால நிவாரணமும் உண்டு. அது வரும் தேதி மட்டும் குடிக்கூலியின் தேதியாக இருப்பதில்லை. பிறகு ஐப்பசி கார்த்திகையில் புயற்சின்னம் வந்தால் கூண்டு ஏற்றுகிறார்கள். படகு மறுபடி கரையேறுகிறது. ஆக, வருஷத்தில் கடல் பல மாதங்கள் மூடிக்கிடக்க, வீட்டுக்காரரின் காலண்டர் மட்டும் பன்னிரண்டு மாதமும் திறந்தே இருக்கிறது. ஐந்தாந் தேதிக்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் முன்பணத்தில் கழியும். முன்பணம் கரைந்தால் சாமான்கள் தெருவுக்கு வரும்.

சட்டம் என்ன செய்கிறது? தொழில் முறையில் இக்கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களில் நாமும் ஒருவர். சென்னை மாகாணத்தில் குடிக்கூலிக் கட்டுப்பாடு யுத்தத்தின் குழந்தை. 1941-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அது உத்தரவாகப் பிறந்தது. 1946-இலும் 1949-இலும் சட்டமாயிற்று. 1960-இல் விரிவான சட்டமாக நிலைத்தது. காரைக்காலோ 1954 நவம்பர் 1 வரையில் பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தபடியால் அந்தச் சென்னைச் சட்டங்களுக்கு இங்கே அதிகாரமில்லை. புதுச்சேரிப் பிரதேசத்துக்கென்று குடிக்கூலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல்தான் ஏற்பட்டது.

1960-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தில், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்று தெளிவாக எழுதியிருந்தது. இதில் நமக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. சட்டக் கல்லூரியில் வாசித்த நாளில் சென்னையில் ஒரு மாடியறையில் குடியிருந்தோம். முன்பணம் பத்து மாத வாடகை. காலிசெய்தபோது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையையும், எப்போதோ உடைந்திருந்த ஒரு ஜன்னல் கண்ணாடிக்கென்று இன்னொரு தொகையையும் வீட்டுக்காரர் கழித்துக்கொண்டார். அந்த வாரம் நாம் பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருந்தது சாக்ஷாத் அந்தச் சட்டமேதான். பிரிவின் எண் நாவில் இருந்தது. பணத்தைக் கேட்க வாய் வரவில்லை. மறுபடி அந்தத் தெருவில் வீடு கிடைக்காதே என்ற பயம்! சட்டம் வாசித்தவனுக்கே இந்த தைரியமெனில், வலை பின்னுகிறவனைக் கோழை என்று யார் சொல்வது?

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் தர்மமாகாது. வீட்டுச் சொந்தக்காரரெல்லாம் குபேரரல்லர். காரைக்காலிலேயே கணவர் விட்டுச்சென்ற ஒரு மாடிப் போர்ஷனின் வாடகையில் மருந்துச் செலவை நடத்தும் மூதாட்டிகளை நாம் அறிவோம். பழைய கட்டுப்பாட்டின் கீழ்ப் பம்பாய் நகரில் 1940-ஆம் வருஷத்து வாடகையே அரை நூற்றாண்டுக்கு மேல் உறைந்து நின்றது. அது நியாயமற்றதாகிவிட்டது என்று 1997-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிற்று. காலிசெய்விக்கும் வழக்கு தகப்பன் காலத்தில் தொடங்கி மகன் காலத்தில் முடிந்தால், வீட்டைப் பூட்டிவைப்பதே மேல் என்று சொந்தக்காரர் எண்ணுவது அதிசயமன்று. ஒப்பந்தங்கள் எல்லாம் 11 மாதத்துக்கே எழுதப்படுவதும் இதோடு சேர்ந்ததுதான்: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிவுசெய்தாக வேண்டும், 11 மாதமெனில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே பன்னிரண்டாவது மாதம் பிறக்குமுன் ஒவ்வொரு குடித்தனக்காரரும் ஒரு முறை அந்நியராகி, கூடுதல் தொகைக்கு மறுபடி அறிமுகமாகிறார்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்துச் சட்டம் நீங்கி, 2017-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் அமுலுக்கு வந்தது. வாடகையைத் திட்டப்படுத்தும் அதிகாரம் சர்க்காரை விட்டு இருதரப்பாரின் ஒப்பந்தத்துக்குப் போயிற்று. முன்பணத்துக்கு மூன்று மாதம் என்ற அளவு வந்தது. 2021 ஜூனில் மத்திய மந்திரிசபை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. ஒப்பந்தம் சமமான இருவருக்கிடையே நடப்பதாக இச்சட்டங்கள் எண்ணுகின்றன. நமது வாலிபரும் பலகை மாட்டிய வீட்டுக்காரரும் சமம்தானா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். ‘உனக்கு வீடு தரமாட்டேன்’ என்று சொல்வதைத் தடுக்கவோ இவற்றில் வழியில்லை. அரசியலமைப்பின் 15-ஆவது ஷரத்து ஜாதி, மதம் பற்றிக் கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை இவற்றில் தடை கூடாதென்கிறது. தனியார் வாடகை வீட்டைப் பெயர் சொல்லி அது குறிப்பிடவில்லை. ஒரு சமூகத்தாருக்கு மாத்திரமே என்று வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்வதைக்கூட 2005-இல் பார்ஸி சங்கமொன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் செல்லுமென்று தீர்த்தது.

வீடே இல்லையா என்றால், இருக்கிறது! 2011-ஆம் வருஷத்துக் கணக்கில் இந்திய நகரங்களில் பூட்டிக்கிடந்த வீடுகள் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். மறு வருஷம் மத்திய சர்க்காரின் நிபுணர் குழு, நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை சுமார் 1 கோடியே 88 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழைகளும் குறைந்த வருமானக்காரரும். ஒரு பக்கம் பூட்டு, ஒரு பக்கம் வீதி. இரண்டையும் சேர்க்க வேண்டியவர் யார்?

பிற தேசங்களில் இக்கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறார்கள். 1915-இல் கிளாஸ்கோ நகரத்தில் யுத்தத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்ததும் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். புருஷர்கள் போர்முனையிலும் பட்டறையிலும் இருக்க, மேரி பார்பர் என்ற மாதரசி முதலியோர் தலைமையில் சுமார் 20,000 குடும்பங்கள் ஏற்றிய வாடகையைக் கொடுக்க மறுத்தன. வருஷம் முடியுமுன் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. வியன்னா நகரசபை 1923-இல் ஆடம்பர வீடுகளின் மேல் அதிக பாரம் விழுமாறு ஒரு வீட்டு வரி விதித்து, 1934-க்குள் 60,000-க்கும் அதிகமான குடியிருப்புக்களை எழுப்பிற்று. நம்மவர் அநேகர் வாழும் சிங்கப்பூரில் 1960-இல் ஏற்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் இன்று பத்தில் எட்டுப் பேர் வசிக்கிறார்கள். அவை பெரும்பாலும் 99 வருஷக் குத்தகையில் சொந்த வீடுகளே. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் எல்லா இனத்தாரும் கலந்திருக்க விகிதமும் வகுத்திருக்கிறார்கள். நம் கையிலுள்ள கருவி, 2020-இல் மத்திய சர்க்கார் அறிவித்த வாடகைக் குடியிருப்புத் திட்டம். காலியாகக் கிடக்கும் சர்க்கார் குடியிருப்புக்களைத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடவும் அதில் இடமுண்டு.

காரைக்கால் சிறிய பிரதேசம். சிறியதாயிருப்பதே ஓர் அனுகூலம். பூட்டிக்கிடக்கும் வீடுகளைக் கொம்யூன் பஞ்சாயத்துக்கள் ஒரு மாதத்தில் எண்ணிவிடலாம். அவற்றைச் சர்க்கார் பொறுப்பில் மூன்று வருஷத்துக்குக் குத்தகை எடுத்து, குறித்த தேதியில் காலிசெய்து தருவதாகச் சொந்தக்காரருக்கு எழுத்தில் உறுதி கொடுத்து, மீனவருக்கும் கூலித் தொழிலாளருக்கும் உள்வாடகைக்கு விடலாம். மூதாட்டிக்கு மாதம் தவறாமல் பணம் வரும். வழக்கு பயம் இராது. தடைக்கால நிவாரணத்தின் ஒரு பாகத்தை ஏப்ரல் 15-க்கு முன்பே அந்த வாடகைக் கணக்கில் வரவு வைத்தால், 61 நாளும் சாமான்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இதற்குப் பெரிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு சர்க்கார் உத்தரவும் ஒரு வங்கிக் கணக்கும் போதும்.

நமது வாலிபரின் ஒப்பந்தம் வருகிற மே மாதம் முடிவடைகிறது. அப்பொழுது படகு கரையில் இருக்கும்.