கேள்விக்குறி போடுங்க பாஸ்!

ஃபைனல் இயர் புராஜெக்ட் லாகின் பக்கம் ரெடியா? யூஸர் நேம் பெட்டியில டி'சோசா என்ற பெயரை இங்கிலீஷ்ல டைப் பண்ணிப் பாருங்க. பக்கம் எரர் காட்டி மல்லாந்தா, பாவம், டி'சோசா மேல தப்பில்லை. பேருக்கு நடுவுல இருக்கிற குட்டி மேற்கோள் குறியைப் பார்த்து, 'பேரு இங்கேயே முடிஞ்சுது'ன்னு டேட்டாபேஸ் நினைச்சுக்குது. மிச்சத்தைக் கட்டளையா படிக்குது!

வில்லன்கள் வர்றதும் இதே ஓட்டை வழியாத்தான். பாஸ்வேர்டு பெட்டியில அந்தக் குறியைப் போட்டு, 'அல்லது 1=1' என்று அர்த்தம் வர்ற மாதிரி சேர்த்தா போதும். ஒன்றுக்கு ஒன்று எப்பவும் சமம்தானே? கதவு திறந்துடும். அமெரிக்காவில் ஹார்ட்லேண்ட் உள்ளிட்ட நிறுவனங்களுக்குள் இந்த எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் மூலம் புகுந்த கும்பல் சுருட்டியது 13 கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்கள். கும்பலின் மூளை ஆல்பர்ட் கொன்சாலஸுக்கு 2010-ல் 20 வருஷ ஜெயில்.

மருந்து ரொம்ப சிம்பிள். யூஸர் தர்றதை கொயரியோட '+' போட்டு ஒட்டாதீங்க. பேரு வர்ற இடத்துல ஒரு '?' வைங்க, மதிப்பைத் தனியா அனுப்புங்க. ஜாவாவில் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட், பி.ஹெச்.பி.யில் பி.டி.ஓ. கட்டளையோட அமைப்பு முன்னாடியே முடிவாயிடும். அப்புறம் வர்றது எதுவானாலும் வெறும் டேட்டா! (ப்ரிப்பேர்டுன்னு பேர் வச்சுட்டு உள்ளே '+' போட்டு ஒட்டுற புத்திசாலிகளும் உண்டு. வேஸ்ட்!) டேபிள் பேர், காலம் பேருக்கு மட்டும் '?' செல்லாது, அதுக்கு நீங்களே ஒரு அனுமதிப் பட்டியல் வச்சு சரிபார்க்கணும்.

சீக்கிரம் மாத்துங்க. வைவாவுக்கு வர்ற எக்ஸ்டர்னலும் டி'சோசாவாவே இருந்து தொலைக்கலாம்!