திறவாத மடிக்கணினியும் தந்தையார் எழுத்தும்

எங்கள் இல்லத்தில் ஒரு பழைய மடிக்கணினி உண்டு. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், 2013-இல் என் தங்கைக்குக் கிடைத்தது அது. அப்போது அவள் வாணியம்பாடியில் பாட்டி வீட்டில் தங்கி மேல்நிலை வகுப்பில் படித்து வந்தாள். மகள் தமிழ்வழியில் கற்க வேண்டும் என்பதற்காகவே தந்தையார் அவளைப் பெங்களூரிலிருந்து அங்கே அனுப்பியிருந்தார்.

தங்கை மணமாகிச் சென்றபின் அப்பெட்டி தந்தையார் கைக்கு வந்தது. இளமையில் தமிழ்த் தட்டச்சு பயின்றவராதலின், ஓய்வு பெற்ற பிறகு அதன்முன் அமர்ந்து, எங்கள் குடும்பம் ஊரை விட்டுப் பெங்களூர் வந்து சேர்ந்த கதையை நாள்தோறும் சிறிது சிறிதாக எழுதி வந்தார். சென்ற ஆண்டு ஐப்பசியில் அவர் காலமானார்.

முதலாண்டு நினைவு நாளுக்குள் அதனை அச்சிட்டு உறவினர்க்கு அளிக்கலாம் என்று கருதிப் பெட்டியைத் திறந்தேன். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழலும் ஓசையும் கேட்டது. திரையில் மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. பலமுறை அணைத்தும் ஏற்றியும் பார்த்தேன், பயனில்லை. தந்தையார் எழுதியவற்றுக்கு வேறு படி ஏதும் நாங்கள் எடுத்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டருகே இருந்த கடையொன்றில் காட்டினேன். கடைக்காரர் பெட்டியைத் திருகாணி கழற்றிப் பார்க்கவும் இல்லை. “மதர்போர்டு போய்விட்டது. பழைய சாமானாக ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா, “அப்பா எழுதினதையும் சேர்த்தா விலை பேசினாங்க?” என்று கேட்டார். அதற்கு மறுமொழி கூற என்னிடம் சொல் இல்லை.

என் கல்வி பள்ளியிறுதி வகுப்போடு நின்றது. ரயில்வேயில் பார்சல் எழுத்தர் வேலை. கணினி நுட்பம் யாதும் அறியேன். ஆயினும் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் ஒரு வண்டி பழுதானால், முதலில் அதிலுள்ள சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுவோம். வண்டியைப் பார்ப்பது அதன் பிறகுதான். மடிக்கணினிக்கும் இது பொருந்தும் என்பதை நான் எஸ்.பி. ரோட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

சதர் பத்ரப்பா ரோடு என்பதன் சுருக்கமே எஸ்.பி. ரோடு. மார்க்கெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே சென்றுவிடலாம். ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் சந்துகளிலும் மாடிகளிலும் கம்பிச் சுருளிலிருந்து கணினி வரை விற்கும் கடைகள் நெருங்கி நிற்கும். கன்னடம், உருது, தமிழ், இந்தி ஆகிய நான்கும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிக்கும். அங்கே மாடியறையொன்றில் பேரணாம்பட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எங்கள் பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

முதலில் மின்னூட்டியை அளவுமானியில் வைத்தார். 19 வோல்ட் சரியாக இருந்தது. பின்னர் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, தொடக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிவதற்காம். அடுத்து அடிமூடியைத் திறந்து, விரலளவு நீளமுள்ள ரேம் என்னும் நினைவகத் தகட்டை எடுத்தார். அதன் விளிம்பிலுள்ள பொன்னிறக் கோடுகள் மங்கியிருந்தன. “விசிறி ஓடுது, படம் வரலைன்னா முதல்ல இதைத்தான் பார்க்கணும், ஸார்” என்று கூறி, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் அழிப்பான் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மீண்டும் பொருத்தினார். திரையில் ஒளி வந்தது! பழைய சாமான் என்று ஒதுக்கப்பட்ட பெட்டிக்கு வேண்டியிருந்தது ஒரு ரப்பர்த் துண்டுதான்.

தேதி மட்டும் பல்லாண்டு பின்னே காட்டிற்று. கடிகாரத்தைக் காக்கும் நாணய வடிவ மின்கலம், 3 வோல்ட் உடையது, தீர்ந்திருந்தது. அதனையும் மாற்றினார்.

இத்துடன் தொல்லை தீரவில்லை. விண்டோஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று ஓசை எழுந்தது. இளைஞர் உடனே பெட்டியை அணைத்தார். ஹார்ட் டிஸ்க்கில் தட்டுக்கள் நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் படாமல் மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில் படிப்பு முனை மிதக்கிறது. அம்முனை தடுமாறும்போது மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்ப்பது தட்டைக் கீறுவதற்கு ஒப்பாகும். நான் வீட்டில் செய்ததும் அதுவேயன்றோ! (1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் இருந்தன. எடை ஒரு டன் அளவு. கொண்டதோ ஐம்பது லட்சம் எழுத்துக்கள். இன்று உள்ளங்கையில் அடங்குவதை அன்று பாரம்தூக்கி கொண்டே நகர்த்தினர்.)

டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. வடம் பொருந்திய சிறு உறையில் இட்டு, வேறொரு கணினியில் இணைத்தார். தந்தையாரின் கோப்புகளை மட்டும் முதலில் படியெடுத்தார். அரை மணியில் எல்லாம் ஒரு பென் டிரைவில் அடங்கின. உறைக்கும் வேலைக்குமாக அவர் கேட்ட தொகை, பழைய சாமானுக்குச் சொல்லப்பட்ட விலையைக் காட்டிலும் சற்றே அதிகம். மறுபேச்சின்றிக் கொடுத்தேன்.

நிற்க. வீட்டிற்கு வந்து கோப்பைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துக்கள் அலங்கோலமாய்க் கிடந்தன. தலைப்பில் ஜே, கே, பி, ஓ, பின் ஒரு அரைப்புள்ளி. கோப்பு கெட்டதென்று கலங்கினேன். உண்மை வேறு. தந்தையார் பழகியது தட்டச்சுப் பொறி முறை. அதை ஒட்டிய பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தார். இத்தகைய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுபவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியாகத் தோன்றும். சரக்கு உள்ளது, சீட்டுத்தான் மாறிவிட்டது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையிலோ தமிழ் எழுத்துக்கள் தமக்கெனத் தனி எண்கள் பெற்றன. தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதனை ஏற்றது. பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் இலவசச் செயலிகள் உள்ளன. ஒன்றில் இட்டதும் பக்கங்கள் தமிழாயின.

ஆங்காங்கே அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் தலைப்பெழுத்துக்களும் சேர்ந்து மாறிப் பொருளற்ற தமிழாகிவிட்டன. ஐம்பத்தெட்டுப் பக்கங்களையும் நான் உரக்கப் படிக்க, அம்மா கேட்டிருந்து, “அது ஜோலார்பேட்டை”, “அது உன் பெரியப்பா இனிஷியல்” என்று திருத்திக்கொண்டே வந்தார். பதினொரு இரவுகள் ஆயின. நான் அறியாத பல செய்திகளை அவ்விரவுகளில்தான் கேட்டேன்.

புதிய மடிக்கணினி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். அவற்றுள் சிலவற்றில் சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்ற இயலாது. விண்டோஸ் 11 உடையவை பலவற்றில் உள்ளடக்கம் தானே பூட்டப்பட்டிருக்கும். 48 இலக்க மீட்புத் திறவு எண் இல்லையேல் டிஸ்க்கைக் கழற்றியும் பயனில்லை. பெட்டி நன்றாய் இயங்கும்போதே அவ்வெண்ணைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துக.

எங்கள் பழைய பெட்டிக்குச் சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸ் ஏற்றியாயிற்று. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டதால் அதனைத் திரும்ப ஏற்றவில்லை. என் மகன் இப்போது அதில் தமிழ் தட்டச்சுப் பழகுகிறான்.

அந்த யு.எஸ்.பி. உறை என்னிடமே உள்ளது. அடுத்த மாத முதல் ஞாயிறு மாலை நமது சங்க நூலகத்திற்குக் கொண்டு வருகிறேன். திறவாத மடிக்கணினி பரணில் வைத்திருப்போர் எடுத்து வரலாம். ஒரு பென் டிரைவும் ஒரு ரப்பரும் உடன் கொண்டு வருக.