பாடசாலைகளை நாடிச் செல்லும் வானியற் கல்வி

கல்வி இருவகைப்படும். கேட்டும் படித்தும் அறிவது ஒன்று. கண்டும் கையாற் செய்தும் அறிவது மற்றொன்று. இரசாயனம் பயிலும் மாணவனுக்கு ஆய்கூடத்திற் சோதனைக் குழாய் உண்டு. தாவரவியல் பயில்பவனுக்கு வேலியோரத்துச் செடிகொடிகள் உண்டு. பூமியையும் வானத்தையும் பயில்பவனுக்கோ பாடப்பொருள் ஆய்கூடத்துள் அடங்குவதில்லை. பூமி மிகப் பெரிது. விண்மீன்கள் எட்டாத் தொலைவின. பாறைகள் உருவாகுங் காலமோ மனித ஆயுளால் அளத்தற்கரியது. ஆகவே, இத்துறைகள் பெரும்பாலும் கரும்பலகைப் படத்துடன் நின்றுவிடுகின்றன. இக்குறையை நீக்கும் நோக்குடன் எழுந்தவையே, கருவிகளையும் மாதிரிகளையும் ஏற்றிக்கொண்டு பாடசாலைகளை நாடிச் செல்லும் செய்முறை விஞ்ஞானத் திட்டங்களாம்.

ஏட்டுக் கல்வி மட்டும் போதாதென்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஒரு தனிப் பிரபஞ்சம்’ என்னும் பொருள்படப் பெயரிய விவரணப் படம் தக்க சான்றாகும். ஹாவார்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளன்று மாணவர், பழைய மாணவர், ஆசிரியர் எனப் பலதிறப்பட்ட 23 பேரிடம், பருவ மாற்றத்திற்கோ சந்திரனின் வளர்பிறை தேய்பிறைக்கோ காரணம் யாதென வினவப்பட்டது. அவர்களுள் 21 பேர் பிழையான கருத்தையே கொண்டிருந்தனர். கோடையிற் பூமி சூரியனுக்கு அண்மையில் வருவதால் வெப்பம் மிகுகின்றது என்பது அத்தகைய விடைகளுள் ஒன்று. உண்மை இதற்கு மாறானது. பூமி சூரியனுக்கு மிக அண்மையில் இருப்பது சனவரி மாதத் தொடக்கத்தில். அப்போது வட கோளார்த்தத்தில் மாரிகாலம். பருவ மாற்றத்திற்குக் காரணம் பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருத்தலேயாம். சிறு பராயத்தில் மனத்தில் வேரூன்றிய தவறான எண்ணம், பட்டம் பெற்ற பின்னரும் அகலாது நிற்கின்றது. அதனை அகற்றுதற்குச் சொல் போதாது. காட்சியும் செயலும் வேண்டும்.

அந்நாட்டின் நாசா நிறுவனம் 1961ஆம் ஆண்டில் ஏவுகணை, செய்மதி ஆகியவற்றின் மாதிரிகளை ஊர்திகளில் ஏற்றி, விரிவுரையாளர் வாயிலாகப் பாடசாலைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. ஆயினும், அங்கு மாணவர் பெரும்பாலும் பார்வையாளராகவே இருந்தனர். அடுத்த படியாக அமைந்தது, பிலிப் சாட்லர் என்பார் 1970களில் ஆக்கிய, எடுத்துச் செல்லத்தக்க கோள்மண்டலம். மேற்கூறிய விவரணப் படத்தை ஆக்கியோருள் இவரும் ஒருவர் என்பது நோக்கற்பாலது. துணியாலான கூடாரம் ஒன்று மின்விசிறியின் காற்றினால் அரைக்கோளமாக உப்பி எழும். மாணவர் ஒரு சிறு சுரங்கவழியால் தவழ்ந்து உட்சென்று வட்டமாக அமர்வர். நடுவே சிறு விளக்கு. அதனைச் சூழ நுண்துளைகளையுடைய உருளை. துளைகளினூடே செல்லும் ஒளி கூரையில் விண்மீன்களாகத் தோன்றும். உருளையைச் சுழற்றினால் மீன்கள் கிழக்கில் எழுந்து மேற்கில் மறையும். துருவமீன் மட்டும் நின்ற நிலையில் நிற்கும். மாணவர் கையில் மீன்படத்தை வைத்துக்கொண்டு உடுத்தொகுதிகளைத் தாமே தேடிக் காண்பர். பெருநகர்க் கோள்மண்டலத்துக்குச் செல்ல வாய்ப்பில்லாத கிராமப் பாடசாலைக்கு இது பெரும் பேறாகும்.

பூமியின் பாறைகளோடு பிறிதோர் உலகின் பாறையை ஒப்புநோக்கும் வாய்ப்பும் உண்டு. 1969 முதல் 1972 வரை அப்பலோ வீரர்கள் ஆறு பயணங்களிற் கொணர்ந்த 382 கிலோகிராம் சந்திரப் பொருள்களிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, கண்ணாடி போன்ற தெளிந்த பிளாத்திக்கு வட்டினுள் பதித்து, நாசா பாடசாலைகளுக்கு இரவல் வழங்கியது. ஒவ்வொரு வட்டிலும் ஆறு மாதிரிகள் உள. சந்திரனில் ஒருகால் எரிமலைக் குழம்பு பரவி உறைந்ததென்பதைக் கரிய பாறைத் துணுக்கு உணர்த்தும். செம்மஞ்சள் மண்ணோ, 1972 திசம்பரில் அப்பலோ 17இற் சென்ற புவிச்சரிதவியலாளர் ஹரிசன் ஷ்மிட் கண்டெடுத்தது. எரிமலையிலிருந்து பீறிட்ட குழம்பு நுண்ணிய கண்ணாடி மணிகளாக உறைந்ததனால் ஆயது. உருப்பெருக்கியினூடாக இவற்றை நோக்கும் மாணவன், பாறை ஒரு வரலாற்று ஏடு என்பதைத் தானே கண்டுகொள்கின்றான்.

எனினும், இத்திட்டங்களில் ஓர் இடர் உண்டு. ஊர்தி வரும் நாள் திருவிழாவாகி, மறுநாள் யாவும் மறக்கப்படலாம். முன்னே ஆயத்தமும் பின்னே தொடர்ந்த பயிற்சியும் இல்லாவிடில், வியப்பு அறிவாக மாறுவதில்லை. சந்திரப் பாறை வட்டினை இரவல் பெற விரும்பும் ஆசிரியர் முதலிற் பயிற்சி பெறுதல் வேண்டுமென நாசா விதித்தது பாறையின் பாதுகாப்புக் கருதி மட்டுமன்று. காட்டுபவர் கற்றவராய் இருந்தாலன்றிக் காண்பவர்க்குப் பயனில்லை என்பதனாலுமாம்.

ஊர்தி சென்றபின் எஞ்சுவது யாது? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரத்தோஸ்தனீஸ் என்னும் அறிஞர், கோடையின் நெடும்பகல் நாளில் எகிப்தின் சையீன் நகரில் நண்பகலிற் சூரியன் உச்சியில் நிற்பதையும், அதே வேளை அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்து நிற்பதையும் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்தார். நிழலை அளந்து கோணம் காணும் அம்முறைக்கு ஊர்தி வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்திற் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் ஓகத்து மாத இறுதியிலும் நண்பகலிற் செங்குத்தாக நட்ட கோலின் நிழல் ஏறக்குறைய இல்லாதொழியும். அந்நாள்களை அடுத்து வாரந்தோறும் நிழலை அளந்து குறிக்கும் மாணவன், சூரியன் வானில் வடக்கும் தெற்குமாகப் பெயர்வதைத் தன் அளவுகோலாற் கண்டறிவான். அச்சின் சாய்வு அவனுக்கு வெறுஞ் சொல்லாக இராது. நாடி வரும் ஊர்தி ஆர்வத்தைத் தூண்டும். அவ்வார்வத்தை அறிவாக வளர்க்குங் கடமை, ஊர்தி சென்றபின் வகுப்பில் எஞ்சி நிற்கும் ஆசிரியரைச் சார்ந்ததாகும்.