கிர்ர்ர்னு ஒரு மெசேஜ்!

சிக்னல் ஒரு புள்ளி குறைஞ்சாலே போனைத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு ஓடுற ஆளா நீங்க? அப்படின்னா 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வேதாரண்யம் பக்கத்தில் கஜா புயல் கரையைக் கடந்த நேரம். கரன்ட் கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் டவர்கள் விழுந்தன. டெல்டாவில் இருக்கும் அம்மாவிடம் 'நல்லா இருக்கியாம்மா?' என்று ஒரு வரி கேட்க முடியாமல் வெளியூர் ஹாஸ்டல்களில் தவித்தவர்கள் உங்க சீனியர்களிலேயே இருப்பாங்க.

அந்த ஒரு வரியை டவர் இல்லாமல், இன்டர்நெட் இல்லாமல், ரீசார்ஜும் இல்லாமல் அனுப்ப ஒரு வழி இருக்கு. பெயர், பாக்கெட் ரேடியோ. அதுக்குத் தேவையான கம்ப்யூட்டர் உங்க சட்டைப் பாக்கெட்டிலேயே அடங்கிடும்!

என்ன சார் இது?

ஹாம் ரேடியோ தெரியும்தானே? பொழுதுபோக்காகவும் சேவையாகவும் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்பவர்கள்தான் ஹாம்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு போர்ட் பிளேயரில்தான் இருந்தது. தொலைபேசிகள் செத்துப்போன அந்த நாட்களில் அந்தமானுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் பாலமாக நின்றது அவர்களுடைய ரேடியோ.

அவர்கள் பேசினார்கள். பாக்கெட் ரேடியோவில் பேச்சுக்குப் பதில் எழுத்து போகும். நீங்க டைப் செய்யும் வரியைக் கம்ப்யூட்டர் ஒரு 'பொட்டலமாக'க் கட்டும். அனுப்புபவர் யார், யாருக்கு, எந்த வழியாக என்று மேலே விலாசம் ஒட்டும். வழியில் எழுத்து சிதைந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்க்கும். பிறகு மொத்தத்தையும் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகளாக மாற்றி ரேடியோவின் மைக்கில் 'பாடும்'. காதில் 'கிர்ர்ர்' என்று ஒரு நொடி கேட்கும். அவ்வளவுதான், மெசேஜ் போயாச்சு!

வேகம்? நொடிக்கு 1200 பிட். சினிமா டவுன்லோட் பண்ண நினைச்சா அடுத்த தீபாவளி வந்துடும். ஆனால், 'பத்திரமா இருக்கோம், தண்ணி வடியுது' என்று சொல்ல இது தாராளம்.

இதன் தாத்தாவும் ஒரு கேம்பஸ்காரர்தான்! ஹவாய் பல்கலைக்கழகத்தினர் 1971-ல் தீவுகளுக்கு நடுவே கம்ப்யூட்டர்களை ரேடியோவால் இணைத்த அலோஹாநெட்தான் அது. 1978-ல் கனடாவின் மான்ட்ரியல் ஹாம்கள் பாக்கெட்டைத் தங்கள் அலைவரிசைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் பல வருஷங்களுக்கு இதற்கென்றே டி.என்.சி. என்ற தனிப் பெட்டி தேவைப்பட்டது. பிறகு அந்தப் பெட்டி ஒரு சாஃப்ட்வேராகச் சுருங்கிவிட்டது. 2012-ல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டி போர்டிலேயே அது ஓடும்.

ஷாப்பிங் லிஸ்ட்

ஒரு ராஸ்பெர்ரி பை. பழைய மாடலே போதும். அதில் மைக் போட வழி இல்லை என்பதால் ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு ஹாம் ரேடியோ. இரண்டையும் இணைக்க ஒரு கேபிள். 'பேச பட்டனை அழுத்து' என்று ரேடியோவுக்குச் சொல்ல, பையின் பின்னிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட். இ.சி.இ. நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் சால்டர் பண்ணித் தருவான்.

ஆன்டெனாவை நீங்களே செய்யலாம். ஒரு கனெக்டரில் சுமார் 49 செ.மீ. செம்புக் கம்பி ஒன்று நேராக மேலே, அதே அளவில் நான்கு கம்பிகள் கீழே சரிவாக. குடைக்கம்பி மாதிரி இருக்கும், வேலை ஜோராகச் செய்யும்!

இனி 'டயர்வுல்ஃப்' என்ற இலவச சாஃப்ட்வேரை பையில் ஏற்றுங்க. அதன் செட்டிங்ஸ் ஃபைலில் உங்க கால்சைன், எந்த சவுண்ட் கார்டு, எந்த பின் என்று மூன்று விஷயம் சொன்னால் போதும்.

எங்கே சொதப்பும்?

முதல் சொதப்பல் வால்யூம். 'சத்தமா வெச்சா நல்லா புரியும்'னு ஃபுல்லா திருகாதீங்க. ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் டயர்வுல்ஃப் ஒரு ஆடியோ அளவைக் காட்டும். அது 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. இரண்டாவது, ஸ்குவெல்ச். இரைச்சலை அமுக்கும் இந்த வசதி, பாக்கெட்டின் ஆரம்பத்தையும் சேர்த்து அமுக்கிவிடும். அதைத் திறந்தே வைங்க. மூன்றாவது, அனுப்பும்போது பை திடீரென்று ஹேங் ஆவது. ஆன்டெனாவின் அலை யு.எஸ்.பி. வயரில் நுழைவதுதான் காரணம். ஆன்டெனாவைத் தள்ளி வைத்து, வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் சரியாயிடும்.

எல்லாம் ரெடியா? சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தையே டெஸ்ட் பண்ணலாம்! அங்குள்ள ஹாம் ரேடியோ பாக்கெட் முறையில் இயங்கும்போது, 145.825 மெகாஹெர்ட்ஸில் உங்க பொட்டலத்தை வாங்கி அப்படியே திருப்பிப் பாடும். உங்க தலைக்கு மேல் அது இருப்பது அதிகபட்சம் பத்து நிமிஷம்தான். அதற்குள் உங்க கால்சைன் விண்வெளி போய்த் திரும்பி ஸ்கிரீனில் விழும்போது... அடடா!

லைசென்ஸ் இல்லாமல் நோ!

ஆர்வக்கோளாறில் ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்கிடாதீங்க பாஸ். அனுமதி தேவைப்படும் ரேடியோவை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதணும். 12 வயது நிறைந்தாலே எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கோட் கிடையாது. அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். பாஸ் செய்து லைசென்ஸ் வாங்கினால் கால்சைன் உங்களுக்கே சொந்தம். அதுவரை, ஊரில் இருக்கும் ஒரு ஹாமின் ஸ்டேஷனில் உட்கார்ந்து பழகுங்க. சந்தோஷமாகச் சொல்லித் தருவாங்க.

இன்னொன்று... இங்கே ரகசியக் குறியீட்டுக்கு இடமில்லை. நீங்க அனுப்புவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காதல் கடிதத்துக்கு வேற வழி பாருங்க!

ஒரு உண்மை

ஒரே ஒரு ஸ்டேஷனை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கை ரேடியோவின் சத்தம் ஊருக்குள் சில கிலோமீட்டர்தான் போகும். உங்க காலேஜின் உயரமான பிளாக் மேல் வாங்கி அனுப்பும் ஒரு ஸ்டேஷன், பக்கத்து ஊர்க் காலேஜில் இன்னொன்று, அதற்கடுத்த ஊரில் ஒன்று என்று சங்கிலி சேர்ந்தால்தான் மெசேஜ் தாவித் தாவிப் போகும். கடைசிக் கண்ணியில் இருக்கும் ஹாம், உங்க அம்மா வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்லணும்.

இந்தச் சங்கிலியைப் புயல் வந்த பிறகு கட்ட முடியாது. காற்று அடிக்கும்போது மொட்டை மாடியில் ஆன்டெனா நட முடியுமா? அதனால், இந்த செமஸ்டரிலேயே நாலு பேர் சேருங்க. தேர்வு எழுதுங்க. காலேஜ் பெயரில் கிளப் லைசென்ஸுக்கு ஹெச்.ஓ.டி.யைப் பிடிங்க. பவர் பேங்க்கில் ஓடும் ஸ்டேஷன் ஒன்றை மாடியில் ஏத்துங்க. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு 'ஹலோ' அனுப்பிப் பாருங்க.

வெயில் அடிக்கிற ஞாயிறுகளில் வெட்டி வேலை மாதிரிதான் தெரியும். ஒரு நவம்பர் ராத்திரியில், ஊரே இருட்டாகக் கிடக்கும்போது, 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்கிரீனில் ஒரு வரி வரும்: 'எல்லாரும் பத்திரம்.'

அந்த வரிக்காகத்தான் இத்தனை ஞாயிறும்!