கை நடுங்கியும் குழலை விடாத பார்பரா

அம்மாவின் வலது கை நடுங்கத் தொடங்கியபோது நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். 1998ஆம் ஆண்டு. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றுதான் முதலில் சொன்னார். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது கோப்பை தட்டில் கடகடவென்று அடிபடத் தொடங்கியது. "அது ஷெல் பயம் பிள்ளை, எங்கள் எல்லாருக்கும் இருக்குத்தானே" என்று அயலில் உள்ளவர்கள் சொன்னார்கள். நாங்களும் அதையே நம்பினோம். குண்டுச் சத்தம் கேட்காத நாட்களிலும் ஏன் கை நடுங்குகிறது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

2002இல் பாதை திறந்த பிறகு அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் நரம்பு வைத்தியரிடம் காட்டினோம். அவர் அம்மாவைத் தன் பெயரைப் பத்துத் தரம் எழுதச் சொன்னார். வரவர எழுத்துகள் எறும்பு மாதிரிச் சிறுத்துக்கொண்டு போயின. அறைக்குள் நடக்கச் சொன்னார். ஒரு கை வீசியது, மற்றக் கை அசையவே இல்லை. "இது பயம் இல்லை அம்மா, பார்க்கின்சன் என்ற நோய்" என்றார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "இனி மெசினிலை இருந்து தைக்க ஏலாதோ?" என்பதுதான். அவர் தைத்துத்தான் எங்கள் மூவரையும் வளர்த்தவர்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை நான் கண்டது பல வருடங்கள் கழித்து, இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையில். லண்டனிலிருந்து வந்த மச்சாள்தான் அவரைப் பற்றிய படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பார்பரா தொம்சன் என்பது அவர் பெயர். ஜாஸ் இசையில் சக்சபோனும் புல்லாங்குழலும் வாசித்தவர். உண்மையைச் சொன்னால், அதுவரை ஜாஸ் என்றால் வெறும் சத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை அது. எங்கள் கச்சேரியில் கற்பனாஸ்வரம் பாடுவது போல, ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு அந்த நேரம் மனதில் வருவதை வாசித்துக்கொண்டே போவார்கள். சக்சபோன் பார்வைக்குப் பித்தளை வாத்தியம். ஆனால் அதன் வாயில் நாணலில் செய்த ஒரு சீவல் இருக்கிறது. நாதஸ்வரத்துச் சீவாளியைப் போல அது அதிர்ந்துதான் சத்தம் பிறக்கும். நாதஸ்வரத்துக்கு இரட்டை நாணல், இதற்கு ஒற்றை நாணல். மூச்சும் உதடும் விரல்களும் ஒன்றாக வேலை செய்தால்தான் வாசிக்கலாம்.

பார்பரா 1944 ஜூலை 27ஆம் திகதி ஒக்ஸ்போர்ட்டில் பிறந்தார். லண்டனில் றோயல் கொலிஜ் ஒவ் மியூசிக் என்ற இசைக் கல்லூரியில் கிளாரினெட், புல்லாங்குழல், பியானோ, இசையமைப்பு எல்லாம் முறையாகப் படித்தார். அந்தப் படிப்பில் ஜாஸ் இல்லை. டியூக் எலிங்டன், ஜோன் கொல்ட்ரேன் ஆகியோரின் இசை அவரை இழுத்தது. சக்சபோன் பக்கம் திரும்பினார். அந்தக் காலத்தில் ஜாஸ் குழுவில் பெண் என்றால் முன்னால் நின்று பாடுவாள், அல்லது பியானோ வாசிப்பாள். ஊதுகுழல் பிடித்து ஆண்களுக்குச் சமமாக நின்ற பெண்கள் மிகக் குறைவு.

1960களின் நடுப்பகுதியில் நியூ ஜாஸ் ஓர்க்கெஸ்ட்ரா என்ற குழுவில் வாசித்தபோது டிரம்ஸ் வாசிக்கும் ஜோன் ஹைஸ்மனைச் சந்தித்தார். 1967இல் திருமணம். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். 1970களில் பார்பரா தன் சொந்தக் குழுவைத் தொடங்கினார். பரபர்னேலியா என்பது அதன் பெயர். ஐரோப்பாவின் பல நாடுகளில் அந்தக் குழு வாசித்தது. அன்ட்ரூ லொயிட் வெபரின் 'வேரியேஷன்ஸ்' என்ற 1978ஆம் ஆண்டு இசைத்தட்டிலும், 'கற்ஸ்' இசை நாடகத்திலும் பார்பராவின் வாசிப்பு உண்டு.

யுனைட்டட் ஜாஸ் அன்ட் றொக் அன்சாம்பிள் என்ற ஜேர்மனியக் குழுவில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வாசித்தார்கள். அதே குழுவில் இருந்தவர் சார்லி மரியானோ என்ற அமெரிக்கர். அவரும் சக்சபோன், புல்லாங்குழல் கலைஞர்தான். அதோடு நின்றுவிடாமல் நாதஸ்வரமும் கற்று ஜாஸ் மேடைகளில் ஊதியவர். எங்கள் கோயில் வீதியில் கேட்கிற வாத்தியம் பார்பராவுக்குப் பக்கத்தில் நின்று ஒலித்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு ஏனோ சரியான சந்தோசம்.

1996இல் பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.ஈ. விருது கொடுத்தது. அடுத்த வருடமே, 1997இல், பார்க்கின்சன் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அப்போது அவர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்.

இந்த நோயில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மூளையின் ஒரு சிறு பகுதியில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிந்துபோகின்றன. உடல் அசைவுக்கு அந்தப் பொருள் வேண்டும். அது குறையும்போது கை நடுங்கும், உடம்பு இறுகும், எழும்பி நடக்கக்கூட நேரம் எடுக்கும், முகம் உணர்ச்சி காட்டாது. ஏன் அழிகின்றன என்பது பெரும்பாலானவர்களில் இன்னும் தெளிவாகவில்லை. முற்றாக மாற்ற மருந்தும் இல்லை. லெவோடோபா என்ற மருந்து இருக்கிறது. அது மூளைக்குள் போய் டோபமினாக மாறும். குளிசை வேலை செய்யும் நேரம் ஒரு மனிதர், அது குறைந்த நேரம் இன்னொரு மனிதர் போல இருப்பார். விரல் நுனியாலும் உதட்டாலும் உழைக்கிற ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு நோய்.

2001இல் பிரியாவிடைப் பயணம் செய்து பார்பரா மேடையை விட்டு இறங்கினார். இனி இசை எழுதுவது மட்டும்தான் என்று இருந்தார். ஆனால் அப்படியே இருந்துவிடவில்லை. 2003இல் திரும்பி வந்தார். கணவரின் கொலோசியம் என்ற குழுவில் சக்சபோன் வாசித்த டிக் ஹெக்ஸ்டோல்-ஸ்மித் சுகவீனமுற்று 2004இல் இறந்தபோது அவருடைய இடத்தில் நின்று வாசித்தார். 2007இல் பரபர்னேலியாவின் புதிய இசைத்தட்டு வந்தது. 'ஒருபோதும் விடை சொல்லாதே' என்பது அதன் தலைப்பின் பொருள். பிரியாவிடை சொல்லி ஆறு வருடத்தின் பின் அந்தத் தலைப்பை வைத்திருக்கிறார், குறும்புக்காரி!

மச்சாள் காட்டிய படம் 2012இல் பி.பி.சி. ஒளிபரப்பியது. மருந்து கைவிடும் நேரத்தில் அவர் படும் பாட்டை அந்தப் படம் மறைக்கவில்லை. அதைப் பார்த்தபோது என் நெஞ்சு அடைத்தது. 2009இன் முதல் மாதங்களில் அம்மாவின் குளிசை முடிந்துபோய்விட்டது. எங்கும் எடுக்க வழியில்லை. பதுங்குகுழிக்குள் இறங்கச் சொன்னால் அம்மாவால் கால் தூக்கிவைக்க முடியாது, மரம் மாதிரி நிற்பார். நானும் தங்கச்சியும் கதிரையோடு தூக்கி இறக்குவோம். ஒருமுறை பயத்தில் அம்மாவை ஏசிவிட்டேன். வேண்டுமென்று நிற்கிறார் என்று அந்த நேரம் தோன்றியது. அந்த ஏச்சை நான் இன்றும் மறக்கவில்லை.

படத்தில் ஹைஸ்மன் மனைவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துப் பார்பராவின் இசைத்தட்டுகளைத் தயாரித்தவரும் அவர்தான். எங்களில் பலருக்கு அப்படி ஒரு துணை இல்லை, அதனால் பார்க்கும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருந்தது. ஆனால் 2018 ஜூன் மாதம் அந்தத் துணையும் போய்விட்டது. மூளையில் வந்த கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்த பின் ஹைஸ்மன் இறந்தார். நோயாளியான மனைவி இருக்க, பார்த்துக்கொண்டவர் முந்திப் போனார். அதன் பிறகும் பார்பரா நான்கு வருடங்கள் வாழ்ந்தார். தன் வாழ்க்கைக் கதையை எழுதி 2020இல் புத்தகமாக வெளியிட்டார். 2022 ஜூலை 9ஆம் திகதி காலமானார். 78 வயது நிறைய இன்னும் 18 நாட்கள் இருந்தன. நோய் என்று அறிந்த பின் 25 வருடங்கள்.

சகோதரிகளே, கை நடுங்குகிற எல்லோருக்கும் பார்க்கின்சன் இல்லை. பயத்தாலும் நடுங்கும், தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும் நடுங்கும், மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் நடுக்கமும் இறுக்கமும் வரலாம். ஆனால் சும்மா மடியில் வைத்திருக்கும்போதே ஒரு பக்கக் கை நடுங்கினால், எழுத்து சிறுத்தால், மணம் தெரியாமல் போனால், நடக்கும்போது ஒரு கை வீசாவிட்டால், யுத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நாங்கள் நான்கு வருடத்தை அப்படித்தான் வீணாக்கினோம். லெவோடோபா குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி எடுப்பது நல்லது என்று எங்களுக்குச் சொன்னார்கள். மீன், இறைச்சி, முட்டை, பருப்பு போன்ற புரத உணவோடு சேர்ந்தால் அது உடம்பில் சரியாகச் சேராது. வயிற்றைப் பிரட்டினால் ஒரு பிஸ்கட்டோடு எடுக்கலாம். திடீரென்று நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. ஒவ்வொரு நாளும் நடப்பதும் கைகால்களை அசைப்பதும் மருந்தோடு சேர்ந்து பெரிய உதவி.

அம்மா 2017இல் எங்களை விட்டுப் போனார். 2013 வரைக்கும் தைத்தார். சட்டை தைக்க முடியாமல் போனதும் தலையணை உறை, பிறகு நேர்த்தையல் மட்டும். அந்தப் படத்தை 2014இல் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். மொழி விளங்காது. பார்பரா மேடையில் சக்சபோன் ஊதுவதை முன்னுக்குச் சாய்ந்து கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ குளிசை நேரத்தைப் பாத்துத்தான் கச்சேரிக்கு நேரம் வைச்சிருப்பா" என்றார். பிறகு படம் முடிய முந்தியே என்னைத் தட்டி, "மணி என்ன பிள்ளை?" என்று கேட்டார். அவருடைய குளிசைக்கு ஐந்து நிமிடம் பிந்தியிருந்தது. படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன்.