சுவர் சொல்லும் செய்தி

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்பது முதுமொழி. உடல்நலம் பேணுக என்று அறிவுறுத்தவே இதனைப் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். இன்று இதனை நேர்ப்பொருளிலேயே கொள்வோம். நம்மைச் சூழ்ந்து நிற்கும் சுவருக்கும் நோய் உண்டு. நோய்க்குக் குறி உண்டு. குறிக்குக் காரணமும் உண்டு. காரணத்தை அறியாது குறியை மட்டும் மூடுவது பழுதுபார்த்தல் ஆகாது.

மாணவச் செல்வங்களே, 'கொத்தனார் அறிய வேண்டியதை நாங்கள் ஏன் அறிதல் வேண்டும்?' என்று நீங்கள் கேட்கலாம். 2019 டிசம்பர் 2ஆம் நாள், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழைக்காலத்து விடியற்பொழுதில் மதிற்சுவர் ஒன்று பக்கத்து வீடுகளின்மேல் சாய்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். சுவரைப் பார்க்கக் கற்பது உயிர் காக்கும் கல்வி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சுவரில் நாம் முதலில் காண்பது விரிசல். எல்லா விரிசலும் ஒரு தன்மையன அல்ல. சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் பூச்சின்மேல் பரவியிருந்தால், அது பெரும்பாலும் பூச்சு சுருங்கியதன் விளைவு. சிமெண்டு அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். பூசியபின் சில நாட்கள் நீர் விட்டு நனைக்காமல் வெயிலில் உலர விட்டிருக்கலாம். இது அழகுக்குக் குறையே அன்றி ஆபத்து அன்று.

கூரைத் தளத்தின் அடியில், சுவரின் நீளம் முழுவதும் கிடையாக ஓடும் கோடு மற்றொரு வகை. வெயிலில் தளம் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம், வெப்பம் 20 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். அதற்கு ஈடுகொடுக்க இயலாத சுவர், தளத்தோடு சேருமிடத்தில் பிளக்கிறது. இங்கே சிமெண்டை மட்டும் அடைத்தால், அடுத்த கோடையில் கோடு மீண்டும் தோன்றும்.

கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக ஏறும் விரிசலே கவலைக்குரியது. அடித்தளத்தின் ஒரு பகுதி இறங்கியிருக்கலாம் என்பதை அது உணர்த்துகிறது. கோவில்பட்டி, விருதுநகர் முதலிய கரிசல் பகுதிகளில் இதனை மிகுதியும் காணலாம். கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் ஆழமின்றி இட்ட அடித்தளம் ஆண்டுதோறும் அசைகிறது.

அடுத்தது ஓதம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்து நீர் மேலே ஏறுகிறது. அந்நீரில் கரைந்துவரும் உப்பு, நீர் ஆவியானதும் சுவரின் முகத்தில் வெண்மையாகப் பூக்கிறது. பூச்சைப் பொரியச் செய்து உதிர்க்கிறது. இதனைத் தடுக்கவே அடித்தளத்தின் மேல்மட்டத்தில், நீர் ஊடுருவாத படலம் ஒன்றை இட வேண்டும் என்பர். அப்படலம் இல்லாத சுவருக்கு எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் பயனில்லை. ஓதம் காணும் இடத்தைக் கெட்டியான சிமெண்டுப் பூச்சால் மூடினால், வெளியேற வழியற்ற ஈரம் அதற்கும் மேலே ஏறும்.

மூன்றாவது, கான்கிரீட்டின் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்தல். துரு, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைப்பது. ஆதலின் அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. தூணிலோ தளத்திலோ பழுப்புக் கறையும் கம்பியை ஒட்டிய நீண்ட பிளவும் தெரிந்தால், அதன் அடியில் அமர்ந்து படிப்பதைத் தவிர்த்து உடனே பெரியோரிடம் தெரிவியுங்கள்.

இன்று அலுவலகங்களில் ஜிப்சம் பலகைத் தடுப்புகளும் மிகுந்துவிட்டன. இருபுறமும் தாள் ஒட்டிய இப்பலகைக்கு முன்னோடி, அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பார் 1894இல் காப்புரிமை பெற்ற பலகையாகும். அந்நாட்டு வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. மரச்சட்டம் உலர்ந்து சுருங்கினால் ஆணித்தலை வெளியே துருத்தும். நீர் பட்டால் பலகை ஊறி மெலியும். அங்கும் கசியும் குழாயை அடைக்காமல் பலகையை மட்டும் மாற்றுபவர், விரைவில் மறுமுறையும் மாற்ற நேரும். பொருள் வேறாயினும் நெறி ஒன்றே.

நோயை எவ்வாறு உறுதி செய்வது? எளிய சோதனைகள் உள. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டு நாளை எழுதுங்கள். கோடு குறியைத் தாண்டினால் அது வளர்கிறது என்பது தெளிவு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் பதித்து வைப்பதும் உண்டு. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பூச்சை விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அது செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது. தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் சுவரின் சாய்வு புலப்படும்.

இனி, ஆளை அமர்த்தும் முறை. வந்தவுடன் கூலி பேசுபவரைக் காட்டிலும், வெளிப்புறம் சென்று பார்த்து, மாடியில் நீர் தேங்குகிறதா, குழாய் கசிகிறதா என ஆராய்பவரே தொழில் அறிந்தவர். 'இது எதனால் வந்தது?' என்பதே அவரிடம் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. 'பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் தெரியாது' என்பது அதற்கு விடை ஆகாது. அவர் முன்பு செய்த வேலை ஒரு மழைக்காலத்தைக் கடந்து எவ்வாறு நிற்கிறது என்று நேரில் காண்பது நன்று. எதுவரை கொத்தி எடுப்பார், சிமெண்டும் மணலும் எவ்விகிதத்தில் கலப்பார், எத்தனை நாள் நீர் விடவேண்டும், பொருள் யாருடையது என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூலியைத் தவணையாகக் கொடுங்கள். ஆனால் உழைத்தவரின் ஊதியத்தைப் பேரம் பேசிக் குறைப்பது முறையன்று. குறைந்த கூலி பெரும்பாலும் குறைந்த சிமெண்டாகவே சுவருக்குள் போகும்.

விரிசல் 5 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டினாலோ, நாளும் வளர்ந்தாலோ, சுவர் சாய்ந்தாலோ, கம்பி வெளிப்பட்டாலோ, கொத்தனாரை அழைக்குமுன் கட்டடப் பொறியாளரை அழைத்தல் வேண்டும். அதுவரை அச்சுவரின் அருகே எவரும் அமரலாகாது; விளையாடலும் ஆகாது.

பள்ளி முடிந்து வெளியே வரும்போது மதிற்சுவரை ஒருமுறை நின்று நோக்குங்கள். அது சாய்ந்திருந்தால், அடியில் நீர் தேங்கியிருந்தால், புதிய பிளவு தென்பட்டால், அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். சிறியவர் சொல் என்று எவரேனும் தள்ளினால் மறுநாளும் சொல்லுங்கள். சுவர் தன் குறையைக் கோடாக எழுதிக் காட்டுகிறது. அதனைப் படித்து, உரியவர் செவியில் சேர்ப்பது எழுத்தறிந்த நம் கடமை.