முட்டையின் காவலும் திருத்தணி வெயிலும்

கோடையில் வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது செல்சியஸில் ஏறக்குறைய 38. முருகன் குடிகொண்ட ஊர் என்பதால் செவ்வாய், கிருத்திகை, ஆடி மாதம் என்று கவுச்சி தொடாத நாட்களும் இங்கே பல வீடுகளில் உண்டு. முன்னதாக வாங்கி வைத்த ஓர் அட்டை முட்டை அந்த நாட்களில் அடுப்படியிலேயே கிடக்கும். பாலும் மீனும் சில மணி நேரத்தில் கெடும் வெயிலில் முட்டை மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அந்தத் தாங்குசக்தியை எவ்வளவு நாள் நம்பலாம்?

ஓடு தரும் முதல் காப்பு

முட்டை ஓட்டில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. குஞ்சு மூச்சுவிட அவை தேவை. கிருமி நுழையவும் அவையே வழி. அந்தத் துளைகளை ஒரு மெல்லிய மேற்பூச்சு அடைத்து வைத்திருக்கிறது. ஓட்டுக்கு உள்பக்கம் இரண்டு சவ்வுகளும் தடுப்பாக நிற்கின்றன.

வெள்ளைக்கருவின் வேலை

ஓட்டைத் தாண்டிவரும் கிருமியை வெள்ளைக்கரு எதிர்கொள்கிறது. அதிலுள்ள லைசோசைம் என்ற நொதி பல பாக்டீரியாக்களின் செல்சுவரை அறுத்துவிடும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1922இல் உலகுக்கு அறிவித்த பொருள் இது. நம் கண்ணீரிலும் எச்சிலிலும்கூட இருக்கிறது.

ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லாவுக்குச் செல்சுவருக்கு மேல் இன்னோர் உறை உண்டு. லைசோசைம் மட்டும் அதை எளிதில் வீழ்த்த முடியாது. அங்கே கைகொடுப்பது ஓவோடிரான்ஸ்ஃபெரின். வெள்ளைக்கருப் புரதத்தில் சுமார் 12 சதவீதம் இதுதான். கிருமி பெருக இரும்புச்சத்து வேண்டும். இந்தப் புரதமோ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவிடின் என்ற இன்னொரு புரதம் பயோட்டின் வைட்டமினை இதேபோல் முடக்கும். கிருமியைப் பட்டினி போடுவதே இவற்றின் உத்தி.

சூட்டில் தளரும் கட்டு

நாளாக ஆக, நுண்துளைகள் வழியே கரியமில வாயுவும் ஈரமும் வெளியேறுகின்றன. வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, பிஎச் அளவு 7.6இலிருந்து 9க்கு மேல் போகும். இந்தக் காரம் கிருமிக்கும் ஒத்துவராது. ஆனால் கெட்டியான வெள்ளைக்கரு நீர்த்துப்போவதும் இதனால்தான்.

புதிய முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றினால் மஞ்சள்கரு உருண்டு நிமிர்ந்து நிற்கும். பழைய முட்டையில் அது தட்டையாகப் பரவும்; கரண்டி பட்டாலே உடையும். மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சவ்வு பலமிழந்ததன் அடையாளம் அது. அந்தச் சவ்வு வழியே இரும்பும் மற்றச் சத்துகளும் வெள்ளைக்கருவில் கசியத் தொடங்கினால், பட்டினி கிடந்த கிருமிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். வெப்பம் கூடக்கூட இந்தத் தளர்ச்சி விரைவாக நடக்கும். குளிர்ச்சியில் மெதுவாகும்.

மயோனைஸ் தடை ஏன்?

பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. சால்மொனெல்லா உள்ளிட்ட கிருமிகளின் ஆபத்தே காரணம். முட்டையின் இயற்கைக் காவல் ஓட்டுக்குள் இருக்கும்வரைதான். உடைத்து, மஞ்சள்கருவோடு அடித்து, வெளியே வைத்துவிட்டால் அது போதாது. போதாக்குறைக்கு, நோயுற்ற கோழியின் சினைப்பையிலிருந்தே சால்மொனெல்லா முட்டைக்குள் வந்துவிடவும் கூடும். ஓடு பளிச்சென்று இருப்பதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

வீட்டில் கவனிக்க

• வாங்கியதும் கழுவாதீர்கள். மேற்பூச்சு போய்விடும், முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீர் துளை வழியே கிருமியையும் உள்ளே இழுக்கும். அழுக்கு இருந்தால் சமைக்கும் முன் கழுவுங்கள்.

• ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கம் சூடு ஏறி இறங்கும். உள்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்து வியர்த்த முட்டையை மீண்டும் உள்ளே வைக்காதீர்கள்.

• ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் கோடையில் அட்டைக்கணக்கில் வாங்க வேண்டாம். அடுப்பிலிருந்து தள்ளி, நிழலில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

• தண்ணீரில் மிதக்கும் முட்டை பழையது. மூழ்குவது புதியது என்றாலும், கிருமி இல்லை என்று பொருளல்ல.

• அவித்த முட்டையில் காவல் புரதங்கள் வெந்து செயலிழந்திருக்கும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல், கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

• குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு ஆஃப்பாயில் வேண்டாம். மஞ்சள்கருவும் கெட்டியாகும்வரை வேகட்டும்.

முட்டை சாப்பிட்ட பின் காய்ச்சல், வயிற்றுப்பிடிப்பு, வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, குழந்தை துவண்டுபோனாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.